ஊர் மாறிய அணைக்கட்டு

அன்பு மகளுக்கு,

உதய்பூர் பக்கத்து ஓடையில் நீ எடுத்த படம் வந்து சேர்ந்தது. குறுக்கே கட்டியிருக்கும் குட்டைச் சுவரை அங்கே எல்லாரும் ‘எனிகட்’ என்கிறார்களாம், இது என்ன இந்திச் சொல் அப்பா என்று கேட்டிருக்கிறாய். சிரித்துவிட்டேன். நம்ம அணைக்கட்டுதானம்மா அது! வெள்ளைக்காரன் வாயில் ‘அனிகட்’ ஆனது. கல்லணைக்கே ‘கிராண்ட் அனிகட்’ என்றுதானே ஆங்கிலத்தில் பெயர். பொதுப்பணிக் காகிதங்களில் ஏறி ராஜஸ்தான் வரை போய்விட்டது. தெலுங்கில் ஆனகட்ட, கன்னடத்தில் அணெகட்டு; அதெல்லாம் சொந்தக்காரர்கள். சிங்களத்தில் மட்டும் அமுண என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். ஏரி நிறைந்தால் வழியும் நம் கலிங்கலும் இப்படித்தான் ‘கலிங்குலா’ என்று ஆங்கிலத்துக்குப் போனது.

ஆனால் எனக்கு ஒரு குறை. உங்கள் எனிகட் ஓடைத் தண்ணீரை நிறுத்தி நிலத்துக்குள் இறக்குகிறது. நல்ல வேலைதான், அந்த ஊருக்கு அதுதான் வேண்டும். நம் அணைக்கட்டின் வேலை வேறு. தேக்குவது மேட்டூர்; கல்லணை பங்கு வைக்கிறது. காவிரி, வெண்ணாறு, 1934இல் வந்த புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாய் மூன்றுக்கும் அளந்து விட்டு, வெள்ளம் வந்தால் மிச்சத்தைக் கொள்ளிடத்தில் தள்ளும். கொள்ளிடமோ தாழ்ந்த ஆறு. விட்டால் எல்லாத் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு கடலுக்குப் போய்விடும். அதனால்தான் 1836-38இல் ஆர்தர் காட்டன் என்ற வெள்ளைக்காரப் பொறியாளர், காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில், கொள்ளிடத்துக்குக் குறுக்கே மேலணை கட்டினார். கட்டியதும் காவிரிப் பக்கம் தண்ணீர் அளவுக்கு மீறிப் பாய, அப்புறம் அங்கே காவிரி தொடங்கும் வாயிலும் ஒரு கட்டு வேண்டியிருந்தது. ஆற்றை ஒரு பக்கம் திருப்பினால் இன்னொரு பக்கம் கணக்குக் கேட்கும்.

சின்ன வயதில் நீ என்னோடு வயலுக்கு வந்து வரப்பில் தண்ணீர் நுழையும் வாமடையைக் காலால் மிதித்து அடைப்பாயே, நினைவிருக்கிறதா? ஒரு வெட்டு மண்ணில் தண்ணீர் அடுத்த வயலுக்குத் திரும்பிவிடும். பக்கத்து வயல்காரர் சண்டைக்கு வந்ததும் உண்டு. அதுவும் அணைக்கட்டுதான், உன் கால் அளவுக்கு.

சரி, ஒரு வேலை சொல்கிறேன். அங்கே வயதானவர்களைக் கண்டால், எனிகட் என்ற பேச்சு வருமுன் அதை என்னவென்று சொன்னார்கள் என்று கேட்டு எழுது. நம் வாய்க்காலுக்கு இன்னும் முறை வரவில்லை. வந்ததும் நாற்று விடவேண்டும். அம்மா முறுக்கு சுற்றி வைத்திருக்கிறாள், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறோம்.

அன்புடன்,
அப்பா