நல்லூர்த் திருவிழாவில் 25 நாள் கடைகளுக்கு இடம் கொடுக்க முடிகிறதென்றால், மற்ற நாட்களில் ஏன் முடியாது?

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணம் மாநகர சபையின் அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு வீதி, வடிகால், தெருவிளக்கு, குப்பை என்று பலரும் பல கோரிக்கை வைப்பார்கள். எல்லாம் வேண்டியவைதான். என்னுடைய கோரிக்கை சிறியது. வீட்டில் பொருள் செய்து விற்கிறவர்கள் நாள் வாடகை கட்டி இருந்து விற்க நகரத்துக்குள் ஓர் இடம் வேண்டும்.

நானும் வண்ணார்பண்ணையில் என் அயலிலுள்ள சில பெண்களும் சேர்ந்து மிளகாய்த்தூள், அரிசிமா, குரக்கன்மா, மோர்மிளகாய், வேப்பம்பூ வடகம் செய்கிறோம். மாசி, பங்குனி வெயிலில் பனங்கிழங்கை ஒடியலாகவும் புழுக்கொடியலாகவும் காயவைப்போம். செத்தல் மிளகாய் சுன்னாகம் சந்தையில் வாங்குகிறோம். திரிப்பது பக்கத்து மில்லில். லேபிள் அடிப்பது கே.கே.எஸ். வீதியில். சாமான் கொண்டுபோவது எங்கள் ஒழுங்கையில் இருக்கிற தம்பியின் ஓட்டோவில். எங்களிடம் ஒருவர் ஒரு கிலோ தூள் வாங்கினால் அந்தக் காசு இத்தனை வீடுகளுக்குப் பிரிந்து போகிறது. வெளியூரில் இருந்து வரும் பக்கற் தூளை வாங்கினால் கடைக்காரரின் இலாபம் மட்டுமே இங்கே நிற்கும். உள்ளூர்ப் பொருளாதாரம் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த ஒரு கணக்கைப் பார்த்தாலே போதும்.

செய்வதில் எங்களுக்குக் கஷ்டம் இல்லை, விற்பதில்தான். கடைகளில் கொண்டுபோய் வைத்தால் விற்ற பிறகுதான் காசு. சில இடங்களில் விற்று முடிந்தும் "அடுத்த கிழமை வாங்கோ" என்பார்கள். அதற்குள் மிளகாய் விலை ஏறிவிடும். சொந்தமாகக் கடை எடுக்கலாம் என்றால் முற்பணம், மாத வாடகை, தளபாடம். அதற்காக நுண்கடன் எடுத்துவிட்டு, கிழமைக்குக் கிழமை தவணைக்காரர் வாசலில் நிற்கிற நிலைக்குப் போன பெண்களை எனக்குத் தெரியும். அந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

நல்லூர்த் திருவிழா வந்தால் மாநகர சபை என்ன செய்கிறது என்று பாருங்கள். வீதிகளை மறிக்கிறது. தற்காலிகக் கடைகளுக்கு நிலம் அளந்து கொடுக்கிறது. வெளிச்சம், தண்ணீர், மலசலகூடம் எல்லாம் வருகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் சாப்பாட்டுக் கடைகளைப் பார்க்கிறார்கள். சுத்திகரிப்புத் தொழிலாளர்கள் இரவிரவாகக் கூட்டுகிறார்கள். இலட்சக்கணக்கான சனம் வந்துபோகிற 25 நாள் திருவிழாவுக்கு இவ்வளவையும் செய்து பழகிய சபைக்கு, சனிக்கிழமை பின்னேரத்தில் சில மேசைகள் போட இடம் ஒழுங்கு செய்வது பெரிய வேலையே இல்லை.

பண்ணைக் கடற்கரைக்குப் பின்னேரத்தில் காற்று வாங்க வருகிற சனம் கொஞ்சமில்லை. 2021இல் ஆரியகுளத்தைத் திருத்திய பிறகு அங்கேயும் குடும்பமாக வருகிறார்கள். சுப்பிரமணியம் பூங்காவும் இருக்கிறது. இதில் ஒன்றில் தொடங்கலாம். நகர எல்லைக்குள் தாங்களே செய்த பொருளை விற்கிறவர்களுக்கு மட்டும் இடம் என்று கண்டிப்பாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் கொழும்பில் மொத்தமாக எடுத்து வந்து விற்பவர்கள்தான் நிறைந்துவிடுவார்கள். கேள்விப்பத்திரம் (டெண்டர்), ஏலம் என்று போனால் பண முதல் உள்ளவர் கையில்தான் போய் நிற்கும். ஆகவே வாடகையை நிலையாக வைத்து, திருவுளச்சீட்டில் இடம் கொடுக்க வேண்டும். நல்லூரிலும் ஒரு சின்னப் பகுதியை இதே முறையில் ஒதுக்கலாம்.

கடை முதலாளிமார் இதை விரும்ப மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. வருடம் முழுக்க வாடகையும் வரியும் கட்டுகிறவர்கள் அவர்கள். 1981 வன்முறையில் கடைகள் எரிந்து, 1995இல் போரால் ஊரோடு வெளியேறி, திரும்பி வந்து வெறும் சுவரோடு தொடங்கியவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய வாசலில் நடைபாதையை மறித்து விற்பதை நானும் ஏற்க மாட்டேன். அதனால்தான் கஸ்தூரியார் வீதியையோ நவீன சந்தைப் பக்கத்தையோ நான் கேட்கவில்லை. நகரக் கடைகள் பூட்டத் தொடங்குகிற நேரத்தில், வேறு இடத்தில் கேட்கிறேன்.

இன்னொன்று அனுமதி விஷயம். வணிகப் பெயரைப் பதிய பிரதேச செயலகம். வியாபார அனுமதிப்பத்திரத்துக்கு மாநகர சபை. உணவுப் பொருள் என்றால் சுகாதாரப் பரிசோதனையும் வேண்டும். இவை தேவையில்லை என்று நான் சொல்லவில்லை, சாப்பிடுகிற பொருளுக்குப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். ஆனால் அடுப்பை அணைத்துவிட்டு, பிள்ளையை அயலில் விட்டுவிட்டு ஒவ்வொரு கந்தோராக ஏறி இறங்குவது ஒரு பெண்ணுக்கு லேசான காரியம் இல்லை. நடமாடும் சேவை எங்களுக்குப் புதிதல்ல. சிறு தொழிலுக்கென்றே ஒரு நடமாடும் சேவையை வட்டாரம் வட்டாரமாக வைத்து, எல்லா உத்தியோகத்தரையும் ஒரே மண்டபத்தில் இருத்தினால் என்ன? ஆதன வரியை சனவரி 31க்குள் முழுதாகக் கட்டினால் 10 வீதம் கழிவு தருகிறார்கள் அல்லவா? அதுபோல முதல் முறை அனுமதி எடுக்கிற சிறு தொழிலாளருக்கும் கட்டணத்தில் ஒரு சலுகை கொடுக்கலாம். அனுமதிப்பத்திரம் டிசம்பர் 31உடன் முடிந்துவிடுவதால், வருடக் கடைசியில் தொடங்குகிறவர்களுக்கு அது பெரிய உதவி.

2023 மார்ச்சில் முந்திய சபையின் காலம் முடிந்த பிறகு, 2025 மே 6 தேர்தல் வரை இதையெல்லாம் போய்ச் சொல்ல வட்டார உறுப்பினர் என்று ஒருவர் இருக்கவில்லை. இப்போது இருக்கிறார்கள். என் வேண்டுகோள் அவர்களுக்குத்தான். வரவு செலவுத் திட்ட வரைவில் இதற்கென்று ஒரு தலைப்புப் போட்டு, சிறிய தொகை என்றாலும் ஒதுக்குங்கள். மூன்று மாதம் நடத்திப் பாருங்கள். வாடகையாக வந்தது எவ்வளவு, வெளிச்சத்துக்கும் கூட்டுவதற்கும் போனது எவ்வளவு என்று கணக்கை வெளியிடுங்கள். நாங்கள் இலவசமாகக் கேட்கவில்லை, நாள் வாடகையைக் கையில் கட்டத் தயார். மேசையும் நாங்களே கொண்டுவருவோம்.

இப்படிக்கு,
வீட்டு உணவுப்பொருள் தயாரிக்கும் ஒரு வாசகி,
வண்ணார்பண்ணை, யாழ்ப்பாணம்.