உன் கொட்டில் சாணி ஆக்லாந்து வரை வந்தது

அன்புள்ள வைத்தி,

மூன்று மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டு, ஆனால் கொஞ்சமாகத் திட்டு. பேத்திக்குப் பெயர் வைத்தாயிற்று. உன் தங்கைக்கு முழங்கால் வலி தேவலை. எனக்குத்தான் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை சமைக்கிறார், சொன்னால் நம்பமாட்டாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் உன் மாட்டுக்கொட்டிலில் வந்து நின்றேனே, ஞாபகம் இருக்கிறதா? செவலைக்குக் கோமாரி என்று வாயைப் பிளந்து காட்டினாய். மறுநாள் அதே ஷூவோடு விமானம் ஏறிவிட்டேன்.

சிங்கப்பூரில் காத்திருக்கும்போது ஃபோனில் நியூசிலாந்துப் படிவத்தை நிரப்பினேன். கடந்த 30 நாளில் கால்நடை வளர்க்கும் இடத்துக்குப் போனதுண்டா என்று ஒரு கேள்வி. உன் தங்கை, "இல்லைன்னு போட்டுத் தொலைங்க" என்றாள். எனக்குக் கை வரவில்லை. அந்தக் கிருமி சாணியிலேயே நாள்கணக்கில் கிடக்கும் என்று நீதானே எனக்குப் பாடம் எடுத்தவன்? ஆமாம் என்று போட்டேன்.

இறங்கியதும் தனி வரிசை. ஒரு பெண் அதிகாரி ஷூவைத் திருப்பி, அடிப்பாகத்தின் பள்ளங்களுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். உன் வீட்டுச் சாணி காய்ந்து ஒட்டியிருந்தது. வைத்தி, அறுபத்தைந்து வயதில் அப்படி நான் கூசியதில்லை. எடுத்துப்போய்க் கழுவி, ஈரத்தோடு கொண்டுவந்து கொடுத்து, சொன்னதற்கு நன்றி என்றார். சொல்லாமல் மாட்டியிருந்தால் 400 டாலர் அபராதம், நம் பணத்தில் ஏறக்குறைய இருபதாயிரம்.

உன் தங்கையின் கதை தனி. பெட்டியில் புடவை மடிப்புக்குள் ஒரு கட்டு கறிவேப்பிலை வைத்திருந்திருக்கிறாள், என்னிடம்கூடச் சொல்லவில்லை. மோப்ப நாயைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது. நல்லவேளை, சோதனைக்கு முன்னால் தப்பைத் திருத்திக்கொள்ள ஒரு தொட்டி வைத்திருக்கிறார்கள். அதில் போட்டுவிட்டு, ஏதோ சொந்தக்காரரை வழியனுப்பியவள் மாதிரி நின்றாள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்புகிற பூச்சி கறிவேப்பிலையிலும் குடியிருக்குமாம். மகள் சொன்னபோதும் அவள் நம்பவில்லை. "எங்க வீட்டு இலையிலயா?" என்றாள்.

முதலில் எனக்கும் எரிச்சல்தான். கிழவியின் பெட்டியில் இலை தேடுகிறீர்களே, கப்பல் கப்பலாகக் கார் இறக்குகிறீர்களே, அது? என்று மாப்பிள்ளையிடம் பொரிந்தேன். 2018-ல் ஜப்பானிலிருந்து கார் ஏற்றிவந்த கப்பல்களில் பயிரை நாசமாக்கும் நாற்றப்பூச்சி இருந்ததால் அவற்றையும் திருப்பி அனுப்பினார்கள் என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

உன் தொழில் என்பதால் சொல்கிறேன்: இந்த நாட்டில் இதுவரை கோமாரி வந்ததே இல்லை. நம் ஊரில் அது ஆறு மாதத்துக்கொரு தடுப்பூசி, மஞ்சளும் வேப்பிலையும், "பார்த்துக்கலாம்" என்கிற விவகாரம். இங்கே வந்தால் பாலும் இறைச்சியும் வாங்குகிற நாடுகள் அன்றைக்கே கதவைச் சாத்திவிடும். 2001-ல் இங்கிலாந்தில் வந்தபோது அறுபது லட்சத்துக்கு மேற்பட்ட ஆடு, மாடு, பன்றிகளைக் கொன்றார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. ஒருவேளை 'இல்லை' என்று போட்டிருந்தால்?

அதற்கப்புறம் ஷூ என்றாலே எனக்கு ஒரு பயம். போன வாரம் வைட்டாக்கரே மலைக்காட்டுக்குப் போனோம். அங்கே ஒரு ராட்சச மரம், பெயர் கௌரி. சிரிக்காதே, நம் கௌரி டீச்சரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதன் வேரை அழுகவைக்கும் ஒரு நுண்ணுயிர் மண்ணோடு பரவுகிறது. ஷூவில் ஒட்டிய குண்டூசித் தலையளவு மண் போதும். மருந்து போட்டால் நோய் மெதுவாகும், அவ்வளவுதான். 2017 டிசம்பரில் அந்த மண்ணின் மவோரி மக்கள், தெ காவெராவு ஆ மாக்கி குலத்தார், காட்டுக்குள் யாரும் போகக்கூடாது என்று 'ராஹுய்' வைத்தார்கள். நம் கோயில் காட்டில் கத்தி வைக்கக்கூடாது என்போமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. சிலர் கேட்காமல் நடந்துகொண்டே இருந்தார்கள். அடுத்த வருடம் நகராட்சியே காட்டை மூடியது. இப்போது சில பாதைகள்தான் திறந்திருக்கின்றன. ஒவ்வொரு பாதையின் வாசலிலும் பிரஷ், மருந்துத் தெளிப்பான். தேய்த்து, மிதித்து, உள்ளே போய், வரும்போது மறுபடி தேய்க்க வேண்டும்.

நான் தேய்த்த தேய்ப்பைப் பார்த்துப் பேத்தி சிரித்தது. எனக்கு முன்னால் போன நாலு பையன்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டே பிரஷைத் தாண்டிப் போனார்கள். கூப்பிட்டுச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன், நேற்று வந்த நான் யார் என்று விட்டுவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

வெளிநாட்டுப் பயணிகளிடம் வாங்கும் வரியை 2024 அக்டோபரில் 35 டாலரிலிருந்து 100 ஆக்கிவிட்டார்கள். சுற்றுலாவை வைத்துப் பிழைப்பவர்கள் கூட்டம் குறையும் என்று புலம்புகிறார்கள். ஆள் வந்தால்தான் சோறு, வருகிற ஆள் காலிலேயே நோய். நான் கொடுத்த நூறு எனக்கு வலிக்கவில்லை, அந்தக் காய்ந்த சாணியை நினைத்தால்.

செவலை எப்படி இருக்கிறது? புண் ஆறியதா, இரை எடுக்கிறதா? எழுது. திரும்பி வந்ததும் உன் கொட்டிலுக்கு வெறுங்காலோடு வருகிறேன். இந்த ஷூவை உன் தங்கை தரமாட்டாளாம், வாங்கிய நாளிலிருந்து இவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லை என்கிறாள்.

உன்
சேது