எல்ட்ஸ் கோட்டை வாசலோடு எங்களைத் திருப்பிவிடாதீர்கள்: பயண நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். கடந்த மே மாதம் உங்கள் ஐரோப்பா பேக்கேஜில் வந்த குழுவில் நானும் என் அப்பாவும் இருந்தோம். ஜெர்மனியிலுள்ள எல்ட்ஸ் கோட்டையில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும்: 45 நிமிடம்தான் என்று சொல்லி, உள்ளே கூட்டிப்போகாமல் வாசலோடு எங்களைத் திருப்பிவிட்டீர்கள். இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன், போனிலும் பேசினேன். "நிரலில் எல்ட்ஸ் கோட்டை என்றுதான் போட்டிருக்கிறோம், உள்ளே நுழைவு என்று எங்கும் எழுதவில்லை" என்று கடைசியாகப் பதில் அனுப்பினீர்கள். எழுத்துப்படி பார்த்தால் அது சரி. நானும் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். போன வாரம் அடுத்த ஆண்டுக்கான உங்கள் பிரசுரம் வீட்டுக்கு வந்தது. அட்டையிலேயே அந்தக் கோட்டையின் படம். உள்ளே அதே வரி, அதே "45 நிமிடம்". அப்புறம் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இதே பாதையில் பஸ் விடும் மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். எல்ட்ஸுக்குக் கூட்டிப்போனால் உள்ளே கூட்டிப்போங்கள். அதற்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். முடியாது என்றால் அட்டையிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்.

என் அப்பா நாற்பது ஆண்டுகள் கட்டட மேஸ்திரியாக இருந்தவர். ஈஃபிள் கோபுரம், சுவிஸ் பனிமலை எதிலும் அவருக்குப் பெரிய ஆர்வம் இல்லை. உங்கள் பிரசுரத்தில் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் "இதுக்காக வேணா வரேன்" என்றார். பாறை மேல் நிற்கும் அந்தச் சுவர்களைக் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. பஸ் நிறுத்துமிடத்திலிருந்து கோட்டைக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் இறக்கம். வேன் ஓடுகிறது, ஆனால் அது பேக்கேஜில் சேராது, காத்திருக்கவும் நேரமில்லை என்று உங்கள் டூர் மேனேஜர் சொல்லிவிட்டார். முட்டிவலியோடு அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். வளைவில் திரும்பியதும் கோட்டை முழுசாகத் தெரிந்தது. நின்றுவிட்டார். "பாறை எங்க முடியுது, சுவர் எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியலடா" என்றார். கீழே கல்கட்டு, மேலே போகப்போக மரச்சட்டம். பாரத்தைக் குறைக்க அப்படிச் செய்திருப்பார்கள் என்று அங்கிருந்தே எனக்கு விளக்கினார்.

வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது உங்கள் ஆள் கைக்கடிகாரத்தைக் காட்டி, "சார், போட்டோ எடுத்தாச்சுன்னா கிளம்பலாம், ஏத்தம் ஏறணும்" என்றார். எங்கள் காசிலேயே டிக்கெட் வாங்கிக்கொள்கிறோம் என்றேன். சுற்றிக்காட்ட 40 நிமிடம் ஆகும், பஸ் காத்திருக்காது என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. வாசல் சுவரில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அந்த ஏற்றத்தில் நான்கு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி வந்தார். பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று மாலை எங்களுக்கு ஒரு கடிகாரக் கடையில் ஒன்றரை மணி நேரம் கொடுத்தீர்கள்.

செப்டம்பரில் ஆபீஸ் வேலையாக ஃபிராங்க்ஃபர்ட் போனபோது ஒரு சனிக்கிழமை நான் மட்டும் அங்கே திரும்பப் போனேன். மோசல்கெர்ன் ஸ்டேஷனில் இறங்கி, எல்ட்ஸ் ஓடையை ஒட்டிய காட்டுப்பாதையில் ஒன்றரை மணி நேரம் நடந்தேன். டிக்கெட் வாங்கி உள்ளே போனேன். நீங்கள் எங்களிடமிருந்து எதைப் பறித்தீர்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரே கோட்டை. உள் முற்றத்தில் போய் நின்றால்தான் அது ஒரே கோட்டைக்குள் பல வீடுகள் என்று தெரிகிறது. 1157இல் பேரரசர் ஃபிரெடரிக் பார்பரோசா எழுதிக்கொடுத்த ஒரு தானப் பத்திரத்தில் சாட்சியாக ருடால்ஃப் என்ற எல்ட்ஸ் குடும்பத்தாரின் பெயர் இருக்கிறது. அவர் வழிவந்த குடும்பம்தான், முப்பது தலைமுறை தாண்டி, இன்றும் அதன் சொந்தக்காரர்கள். 1268க்கு முன்பு எலியாஸ், வில்ஹெல்ம், தியோடெரிக் என்ற அண்ணன் தம்பிகள் மூவர் பாகம் பிரித்துக்கொண்டார்கள். ஆனால் யாரும் வெளியே போகவில்லை. கோட்டை குடும்பத்தின் கூட்டுச்சொத்தாகவே இருந்தது, அதற்குள் ஆளுக்கொரு வீடு. ஒரு கிளைக்குத் தங்கச் சிங்கம், ஒரு கிளைக்கு வெள்ளிச் சிங்கம், இன்னொன்றுக்கு எருமைக்கொம்பு என்று தனித்தனிச் சின்னம். காலப்போக்கில் கெம்பெனிக், ரூபெனாக், ரோடென்டார்ஃப் என்று மூன்று கிளைகளின் பெயர் நிலைத்தது. யாருக்கு எந்த இடம், எது பொது, எதை யார் பராமரிப்பது என்பதெல்லாம் எழுதி வைத்த உடன்படிக்கைகள் இருந்தன.

பங்காளிச் சண்டையில் நடுமுற்றத்தில் சுவர் எழுப்பிய வீடுகளை நாம் எத்தனை பார்த்திருக்கிறோம்! என் தாத்தா வீட்டிலேயே அப்படி ஒரு சுவர் இருக்கிறது. அதை ஆளுக்குப் பாதிக்கூலி போட்டு எழுப்பச் சொன்னபோது, கட்டியவர் என் அப்பாதான். அவர் அந்த முற்றத்தைப் பார்த்திருக்க வேண்டும். ரூபெனாக் வீடு 1472இல் முடிந்தது. ரோடென்டார்ஃப் வீடுகள் 1490 முதல் 1540 வரை எழுந்தன. கெம்பெனிக் வீடுகள் 1604இல் தொடங்கி, முப்பதாண்டுப் போரையெல்லாம் தாண்டி 1661 வாக்கில் நிறைவடைந்தன. இடம் போதாததால் எல்லோரும் மேல்நோக்கித்தான் கட்டினார்கள், எட்டு மாடி வரைக்கும். பாறை முட்டை வடிவம் என்பதால் சுவர்களும் அதன் போக்கிலேயே வளைகின்றன. மூலைமட்டம் வைத்தால் ஒட்டாத அறைகள் அங்கே நிறைய. கோணல் அறைக்கு உத்தரம் எப்படிப் போட்டார்கள் என்று அப்பாவாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார். எனக்குத் தெரியவில்லை.

ரூபெனாக் படுக்கையறையில் சுவர் முழுக்கப் பூவும் கொடியுமாக ஓவியம். அந்த அறையை ஒட்டி ஒரு குட்டி வழிபாட்டு மாடம் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. கடவுள் இருக்கும் இடத்துக்கு மேலே மனிதர்கள் குடியிருக்கக் கூடாது, அதனால் அதைக் கட்டடத்துக்கு வெளியே தள்ளிக் கட்டினார்கள் என்று சொன்னார்கள். கழிவறைகள்கூட இருக்கின்றன, மழைநீரை விட்டுக் கழுவும் ஏற்பாட்டோடு. எல்லோரும் கூடும் பெரிய மண்டபத்தில் கோமாளி முகங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இங்கே மனதில் பட்டதைப் பேசலாம் என்பதற்கு அது அடையாளம். வெளியே போகும் கதவின் மேல் ஒரு ரோஜா. பேசியது வெளியே போகக்கூடாது என்பதற்கு இது. பங்காளிகள் கூடிப் பேசும் இடத்தில் இந்த இரண்டும் தேவை என்று யோசித்தவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. ரோடென்டார்ஃப் சமையலறையில் பெரிய அடுப்பும், ரொட்டி சுடும் சூளையும், மாவுப் பெட்டியும் அப்படியே இருக்கின்றன. எங்கள் குழுவில் வந்த அம்மாக்கள் அங்கே எவ்வளவு நேரம் நின்றிருப்பார்கள்!

இதில் எதையும் நான் படமெடுத்துக் கொண்டுவந்து அப்பாவிடம் காட்ட முடியவில்லை. உள்ளே படம் எடுக்க அனுமதி கிடையாது. உங்கள் 45 நிமிடத்தில் இருக்கும் கொடுமை இதுதான். மக்களை அழைத்துப்போய்ப் படம் மட்டும் எடுக்க வைக்கிறீர்கள், படம் எடுக்க முடியாத பகுதியைப் பார்க்காமலே திருப்பிவிடுகிறீர்கள். நான் வீட்டுக்கு வந்து வாயால் சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். "சுண்ணாம்பா, மண்ணா? எதை வெச்சு ஒட்டிருக்கான்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

எதிர்மேட்டில் ஒரு இடிந்த சுவர் தெரியும், நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதைப்பற்றி உங்கள் வழிகாட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ட்ரியர் பேராயர் பால்டுவின் எல்ட்ஸ் குடும்பத்தைப் பணியவைக்க 1331இல் கட்டிய முற்றுகைக் கோட்டை அது. அங்கிருந்துதான் கல்குண்டுகளை வீசினார்கள். சண்டை 1336 வாக்கில் சமாதானத்தில் முடிந்தது. குடும்பம் பேராயருக்குக் கட்டுப்பட வேண்டியிருந்தது, ஆனால் கோட்டை நின்றது. 1689 வாக்கில் பிரெஞ்சுப் படைகள் அந்தப் பக்கத்துக் கோட்டைகளை வரிசையாக இடித்தபோது, பிரெஞ்சுப் படையில் உயர் அதிகாரியாக இருந்த ஹான்ஸ் ஆன்டன் என்ற குடும்பத்து ஆள் இதை இடிப்புப் பட்டியலிலிருந்து நீக்க வைத்தார். 1815இல் ரூபெனாக் பங்கும் வந்து சேர, கோட்டை முழுவதும் கெம்பெனிக் கிளையுடையதானது. கார்ல் என்ற பிரபு 1845 முதல் 1888 வரை, 43 ஆண்டுகள், பழைய அமைப்பு கெடாமல் செப்பனிட்டார். 1920இல் தீப்பிடித்து ஒரு பகுதி எரிந்தது, அதையும் திரும்பக் கட்டினார்கள். 2009க்கும் 2012க்கும் இடையில் மறுபடி பெரிய பழுதுபார்ப்பு, 44 லட்சம் யூரோ செலவு. அரசுப் பணமும் அதில் உண்டு. ஆனால் நாள்தோறும் அதைக் காப்பாற்றும் பொறுப்பு அந்தக் குடும்பத்துடையது. அதற்கு உதவுவது பார்க்க வருகிறவர்கள் வாங்கும் நுழைவுச்சீட்டு. ஒரு பஸ் நிறைய ஆட்களைக் கொண்டுபோய் இறக்கி, ஒரு சீட்டுக்கூட வாங்காமல், அவர்கள் வீட்டைப் பின்னணியாக வைத்துப் படமெடுத்துத் திரும்புவது நமக்குக் கௌரவமா?

இது எல்ட்ஸோடு நிற்கிற விஷயம் இல்லை. ஹைடல்பெர்க்கில் பாலத்திலிருந்து கோட்டையைக் காட்டினீர்கள். கொலோன் தேவாலயத்தில் 20 நிமிடம். பத்து நாளில் ஆறு நாடு என்ற கணக்குக்காக ஒவ்வொரு ஊரையும் வாசலோடு முடித்துவிடுகிறீர்கள். எங்கள் குழுவில் பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் சேர்த்துக்கொடுத்த பணத்தில், வாழ்க்கையில் ஒருமுறை வந்தவர்கள். "அவங்களுக்கு உள்ள போய் என்ன புரியப்போகுது சார்" என்று உங்கள் ஆள் என்னிடம் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அங்கே நின்றிருந்தவர்களில் அந்தச் சுவரை நன்றாகப் புரிந்துகொள்ளக் கூடியவர் என் அப்பா.

கோபத்தில் எழுதிக்கொண்டே போகிறேன், மன்னியுங்கள். உங்கள் ஏற்பாட்டில் சாப்பாடு, தங்குமிடம் எதிலும் குறை இல்லை. ஓட்டுநர் அருமையான மனிதர். எனக்குப் பணம் திரும்ப வேண்டாம்.

கோட்டை ஏப்ரல் முதல் நவம்பர் தொடக்கம் வரை திறந்திருக்கும். உங்கள் கோடைப் பேக்கேஜ்கள் எல்லாமே அந்தக் காலத்துக்குள்தான் வருகின்றன. கடிகாரக் கடை நேரத்தை இதற்குக் கொடுத்தாலே அந்த மூன்று மணி நேரத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடும். நுழைவுச்சீட்டையும் வேன் கட்டணத்தையும் பேக்கேஜ் விலையில் சேர்த்துவிடுங்கள், நாங்கள் தருகிறோம். நடக்க முடியாதவர்களை வேனில் இறக்கி, வேனிலேயே ஏற்றி வாருங்கள். உள்ளேயும் படிகள் உண்டு என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். கோட்டைக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பு, அது யார் வீடு, எப்படிப் பாகம் பிரித்தார்கள் என்று பத்து நிமிடம் பஸ்ஸில் சொன்னால் போதும். மீதியை நம் ஆட்கள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்த ஆண்டுப் பயணத்துக்கு முன்பதிவு பொங்கலுக்குப் பிறகு தொடங்குகிறது என்று போட்டிருக்கிறீர்கள். அதற்குள் நிரலில் "எல்ட்ஸ் கோட்டை, உள்ளே நுழைவுடன், 3 மணி நேரம்" என்று திருத்தித் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். திருத்தினால் முதல் இரண்டு இருக்கைகளுக்கு நானே பணம் கட்டுகிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. உங்கள் பதில் வந்த பிறகு சொல்லலாம் என்று இருக்கிறேன்.

இப்படிக்கு,
மே மாதக் குழுவில் அப்பாவோடு வந்தவன்