அந்தச் சின்னத்தில் சிலுவை இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமஸ்தான மன்னர்களின் பழைய ஓவியங்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஓவியங்களின் தேர்வும் அச்சும் அருமை. ஆனால் மன்னர்களின் பெயருக்குப் பின்னே வரும் ஜி.சி.எஸ்.ஐ. என்னும் எழுத்துகளுக்கு ‘நைட் கிராண்ட் கிராஸ்’ என்று அதில் விரிவு தரப்பட்டிருக்கிறது. அது ‘நைட் கிராண்ட் கமாண்டர்’ என்று இருக்க வேண்டும். ஒரு சொல்தானே என்று விட்டுவிட மனம் வரவில்லை.

1857 கிளர்ச்சி அடங்கி, கம்பெனியின் கையிலிருந்த ஆட்சி நேரடியாக அரசியின் பெயருக்கு மாறியபின், 1861-இல் விக்டோரியா அரசி ‘ஸ்டார் ஆஃப் இந்தியா’ (இந்திய நட்சத்திரம்) என்னும் ஆர்டரை, அதாவது விருது வரிசையை, ஏற்படுத்தினார்; ஜி.சி.எஸ்.ஐ.யின் கடைசி இரண்டு எழுத்துகள் இதையே குறிக்கின்றன. தம் பக்கம் நின்ற மன்னர்களைக் கௌரவித்துத் தம்மோடு பிணைத்துக்கொள்வதே நோக்கம். ஹைதராபாத் நிஜாம், குவாலியரின் சிந்தியா, பட்டியாலா மகாராஜா ஆகியோரோடு போபாலின் சிக்கந்தர் பேகமும் முதல் வரிசையில் இடம்பெற்றார்; அக்காலத்தில் ஒரு பெண்ணுக்கு நைட் தகுதி கிடைத்தது சாதாரண செய்தி அல்ல. இப்படி இஸ்லாமியரும் இந்துக்களும் சீக்கியரும் மார்பில் அணியவேண்டிய சின்னத்தில், பிரிட்டனின் ‘பாத்’ ஆர்டரில் உள்ளதுபோலச் சிலுவையை வைப்பது பொருந்தாது என்பதால்தான் நட்சத்திரம் வந்தது. 1866-இல் ஆர்டரை மூன்று வகுப்புகளாகப் பிரித்தபோது முதல் வகுப்பின் பெயரிலும் ‘கிராஸ்’ தவிர்க்கப்பட்டு ‘கமாண்டர்’ ஆயிற்று.

நீங்கள் அச்சிட்ட ஓவியங்களிலேயே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இது விளங்கும். மேலே வைரம் பதித்த ஐந்துமுனை நட்சத்திரம். அதன் கீழே, நீள்வட்டத்துக்குள் கல்லில் செதுக்கிய விக்டோரியாவின் பக்கவாட்டு முகம். அதைச் சுற்றி ‘வானத்தின் ஒளியே நமக்கு வழிகாட்டி’ என்று பொருள்படும் ஆங்கில வாசகம். நாடா வெளிர்நீலம், ஓரங்களில் வெள்ளை. கழுத்தில் அணியும் பொன்மாலையில் தாமரையும் ரோஜாவும் பனையோலைகளும் மாறி மாறி வரும்.

1878 ஜனவரி 1-இல் தொடங்கிய ‘இந்தியன் எம்பயர்’ ஆர்டரின் சின்னம் எனக்கு இன்னும் பிடித்தமானது. அது ஐந்து இதழ்கள் கொண்ட சிவப்பு ரோஜா. தொடக்கத்தில் இதழுக்கு ஓர் எழுத்தாக ‘இந்தியா’ என்னும் பெயரை ஆங்கிலத்தில் பொறித்திருந்தார்கள். பிற்பாடு சின்னத்தைச் சிறிதாக்கியபோது அவ்வெழுத்துகள் போய்விட்டன. இதன் பொன்மாலையில் யானையும் தோகை விரித்த மயிலும் உண்டு.

இன்னொரு திருத்தமும் தேவை. ‘இந்தியன் எம்பயர்’ ஆர்டரில் சி.ஐ.இ. பெற்ற அனைவரையும் கட்டுரை ‘சர்’ என்று அழைக்கிறது. சி.ஐ.இ.யும், ‘ஸ்டார் ஆஃப் இந்தியா’வின் சி.எஸ்.ஐ.யும் ‘கம்பேனியன்’ என்னும் மூன்றாம் வகுப்பு. அவர்களுக்கு ‘சர்’ இல்லை, மார்பில் பெரிய நட்சத்திரமும் இல்லை. அதற்கு மேல் வகுப்பான கே.சி.ஐ.இ. (‘நைட் கமாண்டர்’) ஆனால்தான் இரண்டும் கிடைக்கும். (தமிழ்நாட்டில் இன்று சி.எஸ்.ஐ. என்றாலே திருச்சபைதான் நினைவுக்கு வரும் என்பதால், பழைய படங்களைப் படிப்போருக்கு இவ்விளக்கம் கூடுதலாகவே தேவைப்படுகிறது.)

மதுரையில் பிறந்து, சென்னை உயர் நீதிமன்றத்தில் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்த சர் எஸ். சுப்பிரமணிய ஐயர் 1900-இல் கே.சி.ஐ.இ. ஆனவர். தன்னாட்சி கோரிய ஹோம் ரூல் இயக்கத்தில் அன்னி பெசன்ட்டோடு நின்ற அவர், 1917-இல் அமெரிக்க அதிபர் வில்சனுக்குக் கடிதம் எழுதினார். அதற்காக இந்திய விவகாரங்களுக்கான பிரிட்டிஷ் மந்திரி மாண்டேகு கண்டித்தபோது, அந்தப் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் சேர்த்தே துறந்தார். இச்சின்னங்களைப் பெற்றவர்களைப் பற்றி இத்தனை பக்கங்கள் எழுதிய கட்டுரையில், அதைத் துறந்த அவருக்கு ஒரு வரியாவது இருந்திருக்க வேண்டும்.

1948-க்குப் பிறகு இவ்விரண்டு ஆர்டர்களிலும் யாரும் சேர்க்கப்படவில்லை. ஜி.சி.எஸ்.ஐ. பெற்றவர்களில் கடைசியாக வாழ்ந்தவர் எங்கள் திருவிதாங்கூரின் சித்திரைத் திருநாள் மகாராஜா. அவர் 1991-இல் காலமானார். அவருடைய படத்தின் கீழேயும் ‘கிராண்ட் கிராஸ்’ என்றே அச்சாகியிருக்கிறது. அடுத்த இதழில் திருத்தம் வெளியிடும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
நாகர்கோவில்.