பேனா முனையால் தொட்டுப் பார்த்த தங்கைக்கும், மற்றவர்களுக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 14 வருடமாக அயர்ன் மாஸ்டராக வேலை பார்க்கிறேன். போன மாதத்தோடு என் தொழுநோய் மருந்து முடிந்தது. 12 மாதம், 12 அட்டை. கடைசி அட்டை காலியான அன்றைக்கே இதை எழுத உட்கார்ந்தேன். நோயின் பெயரை எழுத வேண்டிய இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. ஒரு மாதம் தள்ளிப்போட்டு இப்போது எழுதுகிறேன். பெயரை மறைத்து நன்றி சொன்னால், எனக்கு உதவியவர்கள் செய்த காரியம் எவ்வளவு பெரியது என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

முதலில் இடது கைச் சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் மதமதவென்று இருந்தன. நாள் முழுக்க நின்றபடி வேலை செய்கிறோம், ரத்த ஓட்டம் சரியில்லை போல என்று விட்டுவிட்டேன். ஒருநாள் ஓவர்டைமில் பீஸ் தேய்த்துக்கொண்டிருந்தபோது கருகல் வாடை வந்தது. பீஸ் போச்சு என்று பதறி எடுத்து விரித்துப் பார்த்தேன். துணிக்கு ஒன்றும் இல்லை. துணியை நீவிவிடுகிற என் இடது கையின் ஓரத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே, தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. பக்கத்து டேபிள் தம்பிதான் "அண்ணா, கை!" என்று கத்தினான். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அன்றைக்குத்தான் பயம் வந்தது.

அப்புறம் எட்டு மாதம் அலைந்தேன். கழுத்து எலும்பு தேய்மானம் என்றார்கள். ஸ்கேனிலும் ஏதோ கொஞ்சம் தெரிந்தது. கழுத்துப் பட்டை, நரம்பு மாத்திரை, பி12 ஊசி என்று கையிலிருந்த பணமெல்லாம் அதற்கே போனது. அந்த டாக்டர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த எட்டு மாதத்தில் என் கழுத்துக்குள் என்ன இருக்கிறது என்று எல்லோரும் பார்த்தார்கள், சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகை ஒருவரும் பார்க்கவில்லை. முதுகில் தேமல் இருந்தது எனக்கே தெரியாது. என் மனைவி ஒருமுறை பார்த்து, வேர்வைத் தேமல் என்று களிம்பு தடவிவிட்டாள். அரிப்பும் இல்லை, வலியும் இல்லை, யாருக்குச் சந்தேகம் வரும்?

முதல் நன்றி, தை மாதக் கடைசியில் எங்கள் காம்பவுண்டுக்கு வீடு வீடாகத் தோல் பரிசோதனைக்கு வந்த அந்தத் தங்கைக்கு. ஷிஃப்டுக்குக் கிளம்பும் நேரம். "எனக்கு ஒன்றும் இல்லைங்க, அடுத்த வீட்டுக்குப் போங்க" என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். அவர் நகரவில்லை. "ரெண்டே நிமிஷம்ணா, சட்டையை மட்டும் கழட்டுங்க" என்றார். முதுகைப் பார்த்ததும் அவர் பேச்சு நின்றுபோனது. கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். "பேனாவால தொடுவேன், தொட்ட இடத்தை விரலால காட்டுங்கண்ணா" என்றார். ஒருமுறை காட்டினேன், இன்னொரு முறை காட்டினேன். அப்புறம் வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. "தொடுங்கம்மா, நேரமாச்சு" என்றேன். "நாலு தடவை தொட்டுட்டேன்ணா" என்றார். கண்ணைத் திறந்தபோது எதிரே நின்ற என் மனைவியின் முகம் மாறியிருந்தது.

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவரே கூட்டிப்போனார். அங்கிருந்த டாக்டரம்மா என் முழங்கையின் உள்பக்கத்தை விரலால் உருட்டிப் பார்த்தார். இடித்துக்கொண்டால் ஷாக் அடிக்கிற மாதிரி இருக்குமே, அந்த நரம்பு. வலது கையில் மெல்லிசாக இருந்தது, இடது கையில் கயிறு மாதிரி தடித்திருந்தது. இரண்டையும் என் விரலாலேயே தொட்டுப் பார்க்கச் சொன்னார். கழுத்திலிருந்து பிரச்சினை வரவில்லை, இந்த நரம்பில்தான் கிருமி உட்கார்ந்திருக்கிறது என்று விளக்கினார். உடம்பில் மொத்தம் ஏழு தேமல். ஐந்துக்கு மேல் இருந்ததால் மூன்று மருந்து, 12 மாதம். ஒரு ரூபாய் செலவில்லை. டாக்டரம்மா, வரிசையில் அவ்வளவு பேர் நின்றபோதும் என் கையை உங்கள் கையில் பிடித்துக்கொண்டு, "இது தொழுநோய், முழுசா குணமாகும்" என்று மெதுவாகச் சொன்னீர்கள். நோயைச் சொல்லும்போது கையை விடாமல் இருந்தீர்கள். அதை நான் மறக்க மாட்டேன்.

மாதம் ஒருமுறை எதிரே நின்று மாத்திரை விழுங்கவைத்த சுகாதார ஆய்வாளர் ஐயாவுக்கு நன்றி. சிறுநீர் சிவப்பாகப் போகும், தோல் கறுக்கும், பயப்படாதே, இரண்டும் மருந்தின் வேலைதான் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். சொல்லாமல் விட்டிருந்தால் இரண்டாம் நாளே மாத்திரையை நிறுத்தியிருப்பேன். நரம்பு வீக்கத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரையையும் கணக்காகக் குறைத்துக் குறைத்துக் கொடுத்தார்கள். வீட்டில் மனைவி, மகள், அம்மா மூவரையும் பரிசோதித்து, தடுப்புக்கு ஒருவேளை மாத்திரையும் கொடுத்தார்கள். யாருக்கும் எதுவும் இல்லை.

பிசியோதெரபி தம்பிக்குத் தனியாக நன்றி. விரல் அழுகி உதிர்ந்துவிடுமா என்று அவரிடம்தான் கேட்டேன், வேறு யாரிடமும் கேட்கத் துணிவில்லை. அதற்கு அவர் வேலூரில் வேலை பார்த்த டாக்டர் பால் பிராண்டைப் பற்றிச் சொன்னார். இந்த நோயில் விரல் தானாக உதிர்வதில்லை, வலி தெரியாததால் சூடு பட்டும் வெட்டுப் பட்டும் கவனிக்காமல் போய்த்தான் குறைகிறது என்று எடுத்துக் காட்டியவர் அவர்தானாம். என் கையிலிருந்த அயர்ன் தழும்பைக் காட்டி, "இதே கதைதாண்ணா" என்றார். வலி செய்யாத வேலையை இனி கண் செய்ய வேண்டும். அன்றிலிருந்து தினமும் ராத்திரி என் மகள் டார்ச் அடித்து இரண்டு கையையும் விரல் விரலாகப் பார்க்கிறாள். தண்ணீரில் ஊறவைத்து எண்ணெய் தடவிவிடுவதும் அவள்தான். ஆறாவது படிக்கிற பிள்ளை.

எங்கள் முதலாளியிடம் விஷயத்தைச் சொல்லப் போனபோது கணக்கு முடித்து அனுப்பிவிடுவார் என்றே நினைத்தேன். "டாக்டர் வேலை செய்யலாம்னு சொன்னாரா? அப்ப செய்யுங்க" என்றவர், கனமான கையுறை வாங்கிக் கொடுத்தார். மருந்து ஆரம்பித்துவிட்டால் மற்றவருக்குப் பரவாது என்று டாக்டரம்மா சொன்னதை மற்றவர்களுக்கும் அவரே எடுத்துச் சொன்னார். ஆனாலும் முதல் வாரம் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. "அண்ணா, கை!" என்று கத்திய அந்தத் தம்பி வந்து உட்கார்ந்து, என் டப்பாவிலிருந்து புளிச்சாதம் எடுத்துச் சாப்பிட்டான். தம்பி, உன் பெயரை எழுத ஆசைதான். நீ வேண்டாம் என்றாய்.

என் மனைவிக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடு என்று சொந்தக்காரர்களே அவளிடம் சொன்னார்கள். விவாகரத்துக்கு இந்த நோயே ஒரு காரணம் என்று 2019 வரை சட்டத்தில் இருந்ததாம், பின்புதான் எடுத்தார்களாம். அவள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. களிம்பு தடவிய அதே கையால் ஒவ்வொரு நாளும் என் மாத்திரையைப் பிரித்துக் கொடுத்தாள்.

தேமல்கள் மங்கிவிட்டன. கறுத்த தோல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும் என்கிறார்கள். மோதிர விரலில் உணர்ச்சி வந்துவிட்டது, சுண்டுவிரலில் பாதிதான். உணர்ச்சியில்லாத தேமல் உங்களுக்கு இருந்தால், விரல் காரணமில்லாமல் மரத்துக்கிடந்தால், தயவுசெய்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை காட்டுங்கள். இன்னும் முன்னாலேயே போயிருந்தால் எனக்கு அந்த மிச்சப் பாதியும் கிடைத்திருக்கலாம்.

பரிசோதனைக்கு வந்த தங்கைக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். அன்றைக்கு வாசலிலேயே நிறுத்திவைத்து, ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினோம் அம்மா. இந்தப் பக்கம் வந்தால் அதே காம்பவுண்டில்தான் இருக்கிறோம், கடைசி வீடு. உள்ளே வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.