லட்டுவைச் சித்திரையில் அழைத்துப் போக வேண்டாம்

காரைக்குடி,
பங்குனி 18

அன்பு மகள் உமையாளுக்கு,

ஆத்தா எழுதுவது. இவ்விடம் உன் அப்பச்சியும் நானும் நம் பக் நாய் லட்டுவும் நலம். உன் நலமும் மாப்பிள்ளை நலமும் அறிய ஆவல்.

சித்திரையில் வரும்போது லட்டுவை மதுரையிலிருந்து விமானத்தில் பெங்களூருக்கு அழைத்துப் போகப்போவதாக நீ சொன்னபோது, உன் சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லாமல் சரி என்று போனை வைத்துவிட்டேன். இரண்டு நாளாக மனது கேட்கவில்லை. இந்த வெயிலில் அவனைக் கொண்டு போகாதே அம்மா.

போன சித்திரையில் நடந்ததை உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. பதறிவிடுவாய் என்று லேசான மயக்கம் என்று மட்டும் சொல்லியிருந்தோம். அன்று மாலை ஐந்து மணிக்கு, வெயில் தாழ்ந்துவிட்டது என்று நம்பி, நான்தான் அவனை ஊருணிக்கரை வரை நடத்திச் சென்றேன். தார் ரோடு கொதித்துக்கொண்டிருந்தது செருப்புப் போட்ட என் காலுக்குத் தெரியவில்லை. திரும்பி வந்து முகப்புப் படியில் கால் வைப்பதற்குள் முன்னங்கால்கள் மடங்கிச் சரிந்துவிட்டான். நாக்கு கத்தரிப்பூ நிறமாகியிருந்தது. கடைவாயில் எச்சில் கஞ்சி போலக் கெட்டியாக நூல் விட்டது. அப்பச்சி அவனைத் தூக்கி வந்து முற்றத்தைச் சுற்றிய வளவில் ஆத்தங்குடிக் கல் தரையில் கிடத்தி, வயிறும் தொடையிடுக்கும் நனையக் குழாய்த் தண்ணீரை ஊற்ற, நான் விசிறிக்கொண்டே இருந்தேன். அதன்பின் காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு மருத்துவரிடம் ஓடினோம். அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் 106 டிகிரி ஃபாரன்ஹீட் இருந்தது; நாய்க்கு 101 முதல் 102.5 வரைதான் இயல்பு. தண்ணீர் ஊற்றிவிட்டுக் கொண்டுவந்ததால்தான் உயிர் தங்கியது என்றார் மருத்துவர். அன்று இரவு முழுவதும் அவன் விலா ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

பக் இனத்தைப் பற்றி அவர் அன்று சொன்னதை இன்றுவரை நான் மறக்கவில்லை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது; மூச்சு வாங்கி, நாக்கிலும் மூக்கிலும் உள்ள ஈரம் காய்வதால்தான் சூடு தணிய வேண்டும். லட்டுவுக்கோ முகம் சப்பை, மூக்குத் துளை ஒடுக்கம், வாயின் மேற்கூரைக்குப் பின்னாலுள்ள மெல்லண்ணம் தொண்டையை அடைக்கும் அளவுக்கு நீளம். காற்றை இழுக்க அவன் படும் பாடே உடம்பில் மேலும் சூட்டை ஏற்றிவிடுகிறது. அவன் குறட்டையைக் கேட்டு நாம் எத்தனை நாள் ரசித்திருக்கிறோம்! அது மூச்சுக்குப் படும் சிரமம் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு அந்தச் சத்தம் வேறு மாதிரி கேட்கிறது. சப்பை முக நாய்களைச் சரக்கு அறையில் ஏற்றப் பல விமான நிறுவனங்கள் மறுப்பதும் இதனால்தான். கூண்டுக்குள் பயந்துபோய் மூச்சு வாங்கத் தொடங்கினால், பக்கத்தில் நீயும் இருக்கமாட்டாய்.

அவனுடைய தினப்படியையும் எழுதிவிடுகிறேன், நீ பழகிக்கொள்ள வேண்டும். அப்பச்சியின் பழைய வேட்டித் துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, மூக்குக்கு மேலுள்ள மடிப்பை விரலால் விரித்துத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிடுகிறேன். ஈரம் தங்கினால் நாற்றமும் புண்ணும் வந்துவிடும். கண் துருத்திக்கொண்டிருப்பதால் சிறு தூசியும் கீறிவிடும். ஒரு கண்ணைச் சுருக்கினாலோ காலால் தேய்த்தாலோ மறுநாள் பார்க்கலாம் என்று விடாதே, அன்றே மருத்துவரிடம் காட்டு.

சாப்பாட்டில்தான் எனக்குப் பெரும் போராட்டம். முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கு வந்த பங்காளிகள் ஆளுக்கொரு பணியாரமும் சீயமும் கொடுத்துக் கொடுத்து, நீ விட்டுச் சென்றபோது 8 கிலோ இருந்தவன் 10 கிலோவுக்கு ஏறிவிட்டான். கொழுப்பு கூடினால் அந்தக் குறுகிய மூச்சுக்குழல் இன்னும் நெருக்கப்படும். உப்பில்லாமல் வேகவைத்த கோழி, கொஞ்சம் சோறு, பூசணித் துண்டு, அளந்து போடும் தீனி என்று நிறுத்தி, ஆறு மாதத்தில் பழைய எடைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். நம் வீட்டுக் கோழிக் குழம்பைத் தொட்டுக்கூடக் கொடுக்காதே. வெங்காயமும் பூண்டும், வெந்திருந்தாலும், நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழித்துவிடும். பொங்கலில் போடும் உலர்ந்த திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அவனை விட மனமில்லாமல் சாக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதே. அவன் இல்லாத வளவை நினைத்தால் நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது. ஆனாலும் பெங்களூர் குளிர்ச்சி நம் ஊரைவிட அவனுக்கு நல்லது என்று எனக்குத் தெரியும். ஆகவே சித்திரையில் நீங்கள் மட்டும் வாருங்கள். மார்கழி வாக்கில் குளிரில் வரும் நம் பிள்ளையார் நோன்புக்குக் காரில் வந்து, நோன்பு முடிந்து இழை எடுத்த மறுநாள், இருட்டிய பிறகு அவனை ஏற்றிக்கொண்டு புறப்படுங்கள். ஏழெட்டு மணி நேரத்தில் அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம். அதற்குள் மூக்குத் துளையை விரிக்கும் அறுவை சிகிச்சை இவனுக்குத் தேவையா என்று அங்கே ஒரு நல்ல கால்நடை மருத்துவரிடம் கேட்டு வை.

கழுத்துப் பட்டை இனி வேண்டாம், தொண்டையை அழுத்துகிறது. மார்பில் மாட்டும் பட்டையாக ஒன்று வாங்கி வா. நேற்று அளந்தேன், மார்புச் சுற்றளவு 21 அங்குலம்.

இப்படிக்கு,
ஆத்தா