பல்லாங்குழியும் செயலியாகட்டும்

ஆசிரியருக்கு,

மறதிநோய் உள்ளவர்களுக்கான விளையாட்டுச் செயலிகள் குறித்துத் தாங்கள் வெளியிட்ட செய்தியைப் படித்தேன். நல்ல முயற்சி. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் வீட்டார்தாம் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால், பழகாத மொழியில் அமைந்த விளையாட்டு முதியவரை மேலும் கலங்கச் செய்யும். கைப்பேசியில் ஆங்கிலப் புதிரைக் காட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்ட என் மாமியார், பல்லாங்குழியை வைத்ததும் சோழிகளைப் பிசகாமல் போட்டு ஆடினார். எனக்கும் சற்று ஓய்வு கிடைத்தது.

செயலி நோயைக் குணப்படுத்தாது. அப்படி விளம்பரப்படுத்தவும் கூடாது. பல்லாங்குழி, தாயம் போன்றவற்றைப் பெரிய எழுத்திலும் தமிழ்க் குரலிலும் செயலியாக்கி, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் வழியாகக் கடலூர் மாவட்டக் குடும்பங்களுக்குக் கற்றுத்தர அரசு முன்வர வேண்டும்.

- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்